வீட்டுக் காற்றிலுள்ள கதிரியக்கத்தைப் பிடித்து அளப்பது எப்படி?

தரைத்தள அறை ஒன்று, வேக்வம் கிளீனர், முகக்கவசம், கதிர்வீச்சை எண்ணும் கருவியான கைகர் கவுண்டர். கதிரியக்கச் சிதைவை நேரில் அளக்க இவை போதும். மண்ணிலும் சுவரிலும் இருக்கும் யுரேனியத்தின் வழிவந்த ரேடான்-222 வாயு அறைக்குள் கசிகிறது. அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவை தூசியில் ஒட்டி மிதக்கும். பிடிக்கப்போவது அவற்றைத்தான். பலூனைத் தேய்த்து மின்னேற்றித் தொங்கவிடும் முறையும் உண்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மின்னேற்றம் நிற்காது என்பதால் அதை விட்டுவிடலாம்.

சிதைவில் வெளிவருபவை ஆல்ஃபா, பீட்டா, காமா என மூவகைக் கதிர்கள்; ஆல்ஃபா எளிதில் தடைபடும், காமா ஊடுருவிச் செல்லும். கவுண்டரில் மைக்கா என்ற மெல்லிய கனிமத் தகட்டாலான ஜன்னல் இருக்க வேண்டும். உலோகக் குழாய் மட்டுமே உள்ள மலிவுக் கருவிக்குள் ஆல்ஃபா நுழையாது. மைக்காவில் விரல் படக்கூடாது, எளிதில் கிழியும்.

அறையை முந்தைய இரவே அடைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். காலையில் 10 நிமிடம் வெறும் கருவியை ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னணி அளவு. பலரும் தவறவிடுவது இதைத்தான். பின்வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் இதைக் கழிக்காவிட்டால் கணக்கே தப்பு.

சர்ஜிக்கல் முகக்கவசத்தின் நடு அடுக்கை வெட்டியெடுத்து, வேக்வம் கிளீனரின் குழாய் வாயில் ரப்பர் பேண்டால் கட்டி 30 நிமிடம் இழுக்கவிடுங்கள். தடித்த துணி வேண்டாம்: காற்று தடைபட்டால் மோட்டார் சூடேறும். மணிக்கணக்கில் இழுப்பதிலும் பயனில்லை. ஈயம்-214இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20. சேரும் வேகத்திலேயே சிதைந்துகொண்டிருக்கும்.

நிறுத்திய நேரத்தைக் குறித்துவிட்டு, அந்த அடுக்கை, காற்று பட்ட பக்கம் மைக்காவைப் பார்க்கும்படி 5 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். இடையில் ஓர் ஏ4 தாளைச் செருகினால் குறையும் பங்கு ஆல்ஃபா. தாள் இல்லாமல், தாளுடன், மறுபடி தாள் இல்லாமல் என மூன்று முறை சம நேரம் எண்ணி, முதலையும் மூன்றாவதையும் சராசரி எடுங்கள். இல்லையென்றால் இயல்பான சிதைவையும் தாளின் வேலையாக எண்ணிவிடுவீர்கள். தாளுக்குப் பதில் 3 மி.மீ. அலுமினியத் தகடு வைத்தால் பீட்டாவிலும் பெரும்பகுதி நிற்கும். எஞ்சுவதில் காமா உண்டு. 5 மி.மீ. ஈயம் அதைப் பாதியாக்கும், முழுதாக நிறுத்தாது. கைகர் குழாய் காமாவில் நூற்றில் ஒன்றைப் பிடித்தாலே அதிகம் என்பதால் இங்கே அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியாது.

அரை ஆயுளுக்கு, 10 நிமிடத்துக்கொரு முறை 5 நிமிடம் எண்ணி, அந்த ஐந்தின் நடு நேரத்தோடு எழுதுங்கள். 400 எண்ணிக்கை வந்தால் பிழை 20, அதாவது 5 சதவீதம்; 25 மட்டுமே வந்தால் 20 சதவீதம். மடக்கை (log) அளவில் வரைபடம் வரைந்தால் தொடக்கத்தில் கோடு வளையும், ஏனெனில் ஒன்று சிதைந்து அடுத்ததை ஊட்டுகிறது. போகப்போகச் சரிவு 27 நிமிடத்தை நோக்கிப் போகும்.

ஐந்து மணி நேரம் கழித்தும் பின்னணிக்கு மேல் கொஞ்சம் மிஞ்சினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். அது தோரியத்தின் வழிவந்த ஈயம்-212, அரை ஆயுள் 10.6 மணி. தோரியம் கலந்த மோனசைட் மணல் உள்ள, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் இந்த வால் நீளமாக இருந்தால் வியப்பில்லை. அதை மறுநாளும் அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.