ஹெச்டிஆர் போட்டோ: மூணு ஷாட்டை ஒண்ணா சேர்க்குறது எப்படி

ஜன்னல் இருக்குற ரூமை உள்ள இருந்து எடுத்தா ஒண்ணு வெளிய இருக்கிறது பர்ன் ஆகி வெள்ளையா போயிடும், இல்ல உள்ள எல்லாம் கும்மிருட்டாயிடும். ரெண்டையும் ஒரே ஷாட்ல பிடிக்க பெரும்பாலும் சென்சாரால முடியாது, அதனால வேற வேற எக்ஸ்போஷர்ல (வெளிச்ச அளவுல) எடுத்து சேர்க்குறோம், இது தான் ஹெச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்).

ட்ரைபாட், ரா ஃபார்மட் (கேமரா பதப்படுத்தாத ஃபைல்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் பிரயாரிட்டில (லென்ஸ் துளையான அபர்ச்சர நாம வச்சா, ஷட்டர் ஸ்பீட கேமராவே பாத்துக்கிற மோடு) எஃப் 8. இது வரைக்கும் சிக்கல் இல்ல.

இப்ப தான் முக்கியமான இடம், இங்க அவசரப்படாதீங்க. மூணு ஷாட்டுக்கும் நடுவுல ஷட்டர் ஸ்பீடு மட்டும் தான் மாறணும். அபர்ச்சர் மாறினா ஒரு ஷாட்ல ஷார்ப்பா இருக்கிற பொருள் இன்னொண்ணுல மங்கலாயிடும், சேர்க்கும்போது ஓரமெல்லாம் ரெட்டையா தெரியும். ஆட்டோ ஐஎஸ்ஓவ ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா கேமரா ஷட்டருக்கு பதிலா ஐஎஸ்ஓவ ஏத்தி நாய்ஸ (புள்ளி புள்ளியான இரைச்சல) கொண்டு வந்துடலாம். ஃபோகஸ் ஒரு தடவை பிடிச்சதும் லென்ஸ மேனுவலுக்கு தள்ளிடுங்க, ஃபோகஸ் லேசா நகர்ந்தா கூட நிறைய லென்ஸ்ல ஃபிரேமோட அளவே கொஞ்சம் மாறும்.

அப்புறம் மெனுல ஆட்டோ பிராக்கெட்டிங் (ஒரே காட்சிய வேற வேற வெளிச்சத்துல கேமராவே எடுக்கிற வசதி) -2, 0, +2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கோ பாதியோ) வச்சு, 2 செகண்ட் டைமர் போட்டு எடுங்க. நடு ஷாட் 1/60ன்னா மத்த ரெண்டும் சுமாரா 1/250, 1/15 வரும். -2 ஷாட்டோட ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவ காட்டுற வரைபடம், வலது பக்கம் தான் பிரகாசம்) இன்னும் வலது ஓரத்துல முட்டி நிக்குதுன்னா மூணு பத்தாது, அஞ்சா எடுங்க.

சேர்க்க லூமினன்ஸ் ஹெச்டிஆர் இருக்கு, இலவசம் தான். ஆனா எனக்கு பிடிச்சது ஹ்யூஜின்கிற பனோரமா சாஃப்ட்வேர் கூட வர்ற என்ஃப்யூஸ். அது டோன் மேப்பிங் (பெரிய வெளிச்ச வித்தியாசத்த ஸ்கிரீன்ல தெரியுற அளவுக்கு சுருக்குறது) எதுவும் பண்ணாம, ஒவ்வொரு ஷாட்லயும் நல்லா வந்த பகுதிக்கு அதிக இடம் குடுத்து கலக்கும், படம் கண்ணுக்கு இயல்பா இருக்கும். டோன் மேப்பிங் தான் வேணும்னா ஸ்லைடர கடைசி வரைக்கும் இழுக்காதீங்க, பொருளோட விளிம்ப சுத்தி வெளிச்ச வளையம் வந்துடும். நிழல் நிழலாவே இருக்கட்டுங்க, அது இல்லன்னா படத்துல ஆழமே இருக்காது.

அப்டேட்: மூணு படமும் ஒரே வெளிச்சத்துல வருதுன்னு சிலர் கேட்டீங்க. சேர்க்கிறதுக்கு முன்னாடி ராவ டிஃப் (TIFF) ஃபைலா மாத்துற சாஃப்ட்வேர்ல ஆட்டோ எக்ஸ்போஷர் ஆன்ல இருக்கலாம், அத ஆஃப் பண்ணிட்டு மூணுக்கும் ஒரே செட்டிங், ஒரே ஒயிட் பேலன்ஸ் போட்டு மாத்துங்க.

இன்னொண்ணு, காத்துல ஆடுற இலை, நடக்குற ஆள் இதெல்லாம் பேய் மாதிரி ரெண்டு மூணா தெரியும். லூமினன்ஸ் ஹெச்டிஆர்ல அதுக்கு ஆன்டி கோஸ்டிங் இருக்கு, அதுலயும் சரியாகலன்னா -2 ஷாட்டோட ராவ மட்டும் எடுத்து நிழல தூக்கி பாருங்க, கொஞ்சம் நாய்ஸ் வரும், ஆனா இலை ஒண்ணா இருக்கும்.