பழைய பேஸ்பால் கையுறை: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். அதே மாடல், அதே நிலையில், உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று தேடுங்கள். அதைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தாலும் சந்தேகம்தான்.

தோலில் அழுத்திப் பதித்த வீரரின் கையெழுத்து முத்திரையில்தான் மோசடி அதிகம். அசல் முத்திரை தோலோடு சேர்ந்தே தேயும். உள்ளங்கை வழவழவென்று தேய்ந்திருக்க, பெயர் மட்டும் கூர்மையாக நின்றால், அல்லது எழுத்து வெடிப்புகளின் மேலேறி ஓடினால், பிற்காலத்தில் குத்தியது. பேனாவால் கறுப்பாக்கியிருந்தால் லென்ஸில் மை பள்ளத்துக்கு வெளியே கசிந்திருப்பது தெரியும்.

மணிக்கட்டுத் துணி லேபிளைச் சுற்றி இரட்டை ஊசித்துளைகள் இருந்தால் அது வேறு கையுறையிலிருந்து வந்திருக்கலாம். இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள். தையல் நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் புதிய நூல். சாயம் பூசியதா என்று அறிய, விற்பவரிடம் கேட்டுவிட்டு, விரல் இடுக்கில் ஈரப்பஞ்சால் மெல்லத் தேய்க்கலாம்.

காலமும் பொருந்த வேண்டும். ராலிங்ஸ் நிறுவனம் பந்து வீச்சாளர் பில் டோக்கின் பெயரில் விற்ற மாடல் 1920-இல் வந்தது. அக்காலக் கையுறைகளில் விரல்கள் தனித்தனியாக நிற்கும். விரல்களை வாரால் கோத்த கையுறையை 1920-களுடையது என்றால் வாங்காதீர்கள். வார் மட்டும் மாற்றியது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்.