ஒரு பீரங்கிப் படையின் தடம் பிடிப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக்காகப் போரிட்ட ஜெர்மானியர்களைப் பற்றித் தேடினால் முதலில் எதிர்ப்படுவது வசைதான். 1863 மே 2 அன்று வர்ஜீனியாவின் சான்சலர்ஸ்வில்லில் தெற்கின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் பக்கவாட்டில் பாய்ந்ததும் வடக்கின் 11ஆவது கோர் (பல்லாயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) சிதறியது. அந்தக் கோரில் எத்தனையோ பிறரும் இருந்தார்கள். பழி மட்டும் ஜெர்மன்காரர்கள் தலையில் விழுந்தது. எனக்கு இதில் இன்றும் ஆத்திரம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், கோரை விட்டுவிட்டு ஒரே ஒரு பேட்டரியை, அதாவது சில பீரங்கிகளும் அவற்றை இயக்கும் ஆட்களும் கொண்ட குழுவைப் பின்தொடருங்கள். நான் சிபாரிசு செய்வது கேப்டன் மைக்கேல் வீட்ரிச்சின் பேட்டரி. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்து ஜெர்மானியர்கள் 1861இல் சேர்ந்த படை அது. முதலாம் நியூயார்க் இலகு பீரங்கிப் படையின் 'ஐ' பேட்டரி.

முதலில் காகிதம். போரின் அதிகாரபூர்வ ஆவணத் தொகுதிகளில், 1863 ஜூலையில் பென்சில்வேனியாவில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைக்கு உரியது 27ஆவது தொகுதி. அதன் முதல் பாகத்தில் வீட்ரிச் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். கையோடு இரண்டாம் பாகத்தில், அவர்மேல் பாய்ந்த, தெற்கின் லூசியானா படையின் தளபதி ஹேஸ் எழுதியதையும் படியுங்கள். ஒரே மாலையை இரண்டு பக்கமும் எப்படிச் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

அப்புறம் கெட்டிஸ்பர்க். வீட்ரிச்சின் பேட்டரி நின்ற கிழக்குக் கல்லறைக் குன்றில் எல்லோரும் நேராகப் பீரங்கிகளிடம் போவார்கள். நீங்கள் முதலில் கீழே, வெயின்ரைட் அவென்யூவுக்கு இறங்குங்கள். பொழுது சாயும் நேரமாக இருந்தால் நல்லது; ஜூலை 2 தாக்குதல் நடந்ததும் அந்த நேரத்தில்தான். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் சரிவு குட்டையாக, செங்குத்தாகத் தெரியும். அடிவாரம்வரை வந்துவிட்டவனைச் சுடும் அளவுக்குப் பீரங்கியின் வாயைத் தாழ்த்த முடியாது. இருட்டில் எதிரி, நம் ஆட்களின் பீரங்கிகளுக்கு நடுவிலேயே ஏறிவிட்டான். வீட்ரிச்சின் ஆட்கள் குண்டு திணிக்கும் கழியாலும் நெம்புகோலாலும் அடித்துப் போராடினார்கள். காலாட்படை உதவிக்கு வந்து, கடைசியில் பீரங்கிகள் கைநழுவவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கோழைகள் என்று ஏசப்பட்ட அதே கோரின் ஆட்கள் இவர்கள்!

மேலே ஏறியதும் கறுத்த இரும்புப் பீரங்கி ஒன்றின் வாய் முன்னே குனிந்து பாருங்கள். அது 3 அங்குல ஆர்ட்னன்ஸ் ரைஃபிள் என்ற பீரங்கி வகை என்றால் விளிம்பைச் சுற்றிச் சில எழுத்துகள் குத்தியிருக்கும்: பீனிக்ஸ் இரும்பு நிறுவனத்தின் சுருக்கெழுத்து, தயாரித்த ஆண்டு, பரிசோதகரின் முதலெழுத்துகள், 800 பவுண்டை ஒட்டிய எடை. ஆனால் அன்று அங்கே சுட்ட பீரங்கி அதுவேதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தாங்கி நிற்கும் வண்டியும் போருக்குப் பின் வார்த்த இரும்பு.

ஆட்களைத் தேட, நியூயார்க் மாநிலம் அச்சிட்ட பெயர்ப்பட்டியலில் தொடங்குங்கள். ஷ்மிட் ஒரு பக்கத்தில் ஸ்மித்தாகவும் முல்லர் இன்னொன்றில் மில்லராகவும் இருப்பார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிவிடுங்கள். பெயர் உறுதியானதும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். விதவை மனு போட்டிருந்தால் திருமணச் சான்றும் தோழர்களின் வாக்குமூலங்களும் அதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.