சிந்துவெளி புத்தகம் வாங்கும் முன் ஒரே ஒரு பக்கம்

சிந்துவெளி பற்றி எளிமையான புத்தகம் தேடுகிறீர்களா, முன்னுரையை விட்டுவிட்டு நேராக எழுத்துகள் பற்றிய பக்கத்தைத் திறந்து கடையில் நின்றபடியே படித்துப் பாருங்கள். அந்த எழுத்தை எல்லோரும் ஏற்கும்படி இன்னும் யாரும் வாசிக்கவில்லை. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்தே குறிகள்தான், எகிப்துக்கு ஒரே செய்தியை மூன்று எழுத்துகளில் பொறித்த ரொசெட்டா கல் வாய்த்ததுபோல இதற்குப் பன்மொழிக் கல்வெட்டும் கிடைக்கவில்லை. இந்தச் சிக்கலை ஒரு முத்திரைப் படத்தைக் காட்டி, அகராதி தேடாமல் புரியும்படி சொல்லத் தெரிந்தவர் மற்ற பக்கங்களையும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். 'சிந்துவெளி எழுத்தைப் படித்தாகிவிட்டது' என்று புத்தகம் அடித்துச் சொன்னால், சரி, திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். எகிப்து புத்தகத்துக்கு இந்தச் சோதனை உதவாது, அந்த எழுத்தை 1822-லேயே படித்துவிட்டார்கள். குழந்தைகளின் படப் புத்தகத்துக்கும் வேண்டாம்.