பாதத்தில் நரம்பு வலி: காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் வழி

உள்ளங்கால் எரிகிறது, விரல்நுனியில் ஊசி குத்துகிறது, இரவில் போர்வை பட்டாலும் தாங்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பலர் முதலில் நாடுவது சுடுநீர் ஒத்தடத்தைத்தான். காரணம் தெரியும்வரை அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். நரம்பு கெட்ட காலில் எரிவோடு, தொட்டால் உணராத விறைப்பும் இருக்கக்கூடும்; எரிவு நம்மைத் தூங்கவிடாது, விறைப்போ தன்னைக் காட்டிக்கொள்ளாது, ஆனால் சூடு பட்டுக் கொப்புளமும் புண்ணும் வருவது அந்த விறைத்த இடத்தில்தான்.

விறைப்பை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க, மற்றொருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டுவிரலால் ஓரிரு வினாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும் 128 ஹேர்ட்ஸில் அதிரும் இசைக்கவையாலும் இதையே நுட்பமாகப் பார்ப்பார்கள்.

வலி இருக்கும் இடமே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். இரு கால்களிலும் விரல்களில் தொடங்கி மேலேறினால் முதலில் நீரிழிவையே சந்தேகிக்க வேண்டும். மதுப்பழக்கம், தைராய்டுக் குறைவு, சிறுநீரக நோய், விட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றாலும் இதே விதமாக வரும். மெட்ஃபோர்மின் குளிசையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குப் பி12 குறையக்கூடும் என்பதால், அவர்கள் அந்த இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்விப்பது நல்லது. நாரியிலிருந்து ஒரு காலில் மட்டும் இறங்கும் வலி முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு, நரம்பை அழுத்துவதால் வரலாம். மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே, இறுக்கமான சப்பாத்துப் போடும்போது எரிந்தால், அங்குள்ள நரம்பு தடித்திருக்கலாம். தோலில் வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் உணராத திட்டு இருந்தால் தொழுநோயையும் பார்க்க வேண்டும். அது கூட்டு மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய், மறைக்க வேண்டியதில்லை.

சிகிச்சை இரண்டு வழியில் நடக்கும். ஒன்று காரணத்தைச் சரிசெய்வது: சீனியைக் கட்டுப்படுத்துவது, பி12 ஏற்றுவது, மதுவை விடுவது. மற்றொன்று வலியைத் தணிப்பது. பனடோல் இவ்வலிக்குப் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபாலின், டுலொக்செடின் ஆகிய நரம்பு வலி மருந்துகளில் ஒன்றைச் சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் நாலு நாளில் கைவிடக் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. சிறுநீரக நோயுள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால்தான் கபாபென்டின், பிரிகபாலின் அளவைக் குறைப்பார்கள். முதியவர்களுக்கு அமிட்ரிப்டிலினால் தலைச்சுற்றலும் சிறுநீர் அடைப்பும் வரக்கூடும்.

திருகோணமலையில் வாழ்பவர்கள் மூன்று இடங்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கோணேசர் கோயிலில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருப்பதால், கல் கொதிக்கும் நண்பகலை விட்டு வெயில் ஏறுமுன் போய்வருவது நல்லது. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் சூடு வேறுபடும். காலால் சோதிக்காமல் முழங்கையால் பாருங்கள், அல்லது உணர்வுள்ள ஒருவர் பார்க்கட்டும். உப்புவெளி, நிலாவெளி மணலில் குதிகாலை மூடிய செருப்போடு மட்டும் நடந்து, வீடு வந்ததும் செருப்பை உதறி, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சிறு முள் தைத்திருந்தாலும் விறைத்த கால் அதைச் சொல்லாது.

கால் திடீரெனத் தளர்ந்து பாதம் தூக்க முடியாமற் போனாலும், தொடைகளுக்கிடையே விறைத்துச் சிறுநீர் மலம் கட்டுப்படாவிட்டாலும், பலவீனம் சில நாட்களுக்குள் காலிலிருந்து மேலேறினாலும், வலியில்லாமலே பாதம் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.