எஞ்சின் நின்றபின் செய்யக் கூடாதவை: ஒற்றை எஞ்சின் டர்போபிராப் ஓட்டப் பழகுவோருக்கு

போன வாரம் சிமுலேட்டரில், உதகைக்கு மேலே 9,500 அடியில் பறந்த, டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப் விமானமான செஸ்னா கேரவனின் எஞ்சினை நிறுத்திவிட்டு, பயிற்சி விமானியின் கைகளைக் கவனித்தேன். இடக்கை ஸ்டார்ட்டர் சுவிட்சைத் தேடிப் போனது. வலக்கை பவர் லீவரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த, இலைகளின் கோணத்தை மாற்றும் புரொப்பெல்லர் லீவரை இரண்டுமே தொடவில்லை. கல்லட்டிச் சரிவின் விளிம்புக்குச் சற்று முன்பே விமானம் சோலைக்குள் இறங்கிவிட்டது. பயிற்சிக் காலத்தில் நானும் இதே தவறைத்தான் செய்தேன். எரிபொருளைச் சரிபார்க்காமல் கிளம்புவது போன்றவற்றை எல்லோரும் கண்டிக்கிறார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

ஃபெதர் செய்யத் தாமதித்தல்

ஃபெதர் என்றால் புரொப்பெல்லர் இலைகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்புவது. அதில் தாமதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கேரவனில் உள்ள பிடி6 எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் முற்றிலும் போனால், சுருள்வில்லும் எதிர் எடைகளும் புரொப்பெல்லர் இலைகளைத் தாமாகவே காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிடும் என்று படித்தவர்கள், எல்லா நேரத்திலும் அது நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி எஞ்சின் ஐடிலிலேயே, அதாவது மிகக் குறைந்த சக்தியில் ஓடியபடியே, தங்கிவிட்டால், எண்ணெய் அழுத்தம் அப்படியே இருக்கும். இலைகளும் திரும்பாமல், பெரிய தட்டு ஒன்றை முன்னால் பிடித்ததுபோல் விமானத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். பழுதான கருவியைத் தாண்டி எரிபொருளைக் கையால் கூட்டும் அவசர பவர் லீவராலும் சக்தி திரும்பாவிட்டால், முழு எடையில் சுமார் 95 நாட் சறுக்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டு, புரொப்பெல்லர் லீவரை ஃபெதருக்கு இழுத்துவிடுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முயற்சி அதன் பிறகு, உயரம் மிச்சமிருந்தால் மட்டுமே.

உயரமானியை மட்டும் பார்த்தல்

உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை, தரையிலிருந்து அல்ல. அதே 9,500 அடி, கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு மேலே என்றால் காலடியில் எட்டாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. உதகைக்கு மேலே இரண்டாயிரத்துச் சொச்சம்தான். தொட்டபெட்டாவுக்கு மேலே ஆயிரம் அடிகூட இல்லை. ஆனால் வடக்கே கல்லட்டியைத் தாண்டிவிட்டால் தரை சீகூர் பக்கம் நாலாயிரம் அடிக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஆகவே மலைக்கு மேலே பறக்கும் ஒவ்வொரு நிமிடமும், எந்தப் பக்கம் சரிவு அருகில் இருக்கிறது என்பது மனத்தில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் நாளில், மலையின் மறுபுறத்தில் காற்றே விமானத்தைக் கீழே அழுத்தும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஏறியவுடன் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்புதல்

உயரம் போதாது, நேர் முன்னால் இறங்குங்கள்.

அவசர பவர் லீவரை வெடுக்கென்று தள்ளுதல்

எஞ்சின் வெந்துவிடும், வெப்பமானியைப் பார்த்தபடி மெல்லத் தள்ளுங்கள்.