நியமப்பாதை: வரைந்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்

ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து உண்டாகும் பாதைதான் நியமப்பாதை. கடலூர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்துத்தான் பேரம். அப்படி உள்ளே அடங்கியவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது.

எல்லாத் திசையிலும் குண்டு ஒரே தூரம் போனது என்று வைத்துக்கொள்வோம். (நிஜத்தில் போயிருக்காது. கிழக்கே கடல் வேறு.) கோட்டையிலிருந்து சரியாக அந்தத் தூரத்தில் உள்ள புள்ளிகளின் நியமப்பாதை என்ன? வட்டம் என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். வரையச் சொன்னால் பாதிப்பேர் வட்டத்துக்குள்ளேயும் பென்சிலால் தீட்டிவைப்பார்கள். உள்ளே இருப்பது ஆங்கிலேயருக்குக் கிடைத்த நிலம். கேட்டதோ எல்லைக்கோடு மட்டும். 'அந்தத் தூரத்தில்' என்பதும் 'அந்தத் தூரத்துக்குள்' என்பதும் வேறு வேறு.

வரைந்து முடித்ததும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா? நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளி எதுவும் கோட்டுக்கு வெளியே விட்டுப்போயிருக்கிறதா? மேலே தீட்டியவர்கள் முதல் கேள்வியில் மாட்டுவார்கள். இரண்டாவதில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

வெள்ளிக் கடற்கரையில் இரண்டு சுண்டல் வண்டிகள் நிற்கின்றன. இரண்டுக்கும் சம தூரத்தில் எங்கெல்லாம் நிற்கலாம்? நடுப்புள்ளியைக் குறித்துவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். நோட்டில் வண்டிகளை 6 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். கவராயத்தை 5 செ.மீ. விரித்து இரண்டு புள்ளியிலிருந்தும் வில் போடுங்கள். நடுப்புள்ளிக்கு மேலே 4 செ.மீ., கீழே 4 செ.மீ. என்று இரண்டு புது இடங்கள் கிடைக்கும். 7 செ.மீ. விரித்தால் இன்னும் தள்ளி இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் நடுப்புள்ளி வழியே செங்குத்தாகப் போகும் நேர்கோடு வரும்; அதுதான் மையக்குத்துக்கோடு. இப்படி முடிவில்லாமல் போவதால்தான் அதற்கு இரு முனையிலும் அம்புக்குறி. சிலர் கீழ்ப்பக்கத்தை மறந்துவிட்டு மேலே மட்டும் வரைவார்கள். பாதி மார்க் அங்கேதான் போகும். கவராயத்தை 2 செ.மீ. மட்டும் விரித்தால் வில்கள் வெட்டவே வெட்டாது. அதைப் பார்த்து 'தப்பாப் போட்டுட்டேன் சார்' என்பார்கள். தப்பில்லை. இரண்டு வண்டிக்கும் 2 செ.மீ. தூரத்தில் ஓர் இடம் கிடையாது, அவ்வளவுதான்.

நேர்கோட்டிலிருந்து 2 செ.மீ. தூரம் என்றாலும் இதே கதை: ஒரு பக்கம் மட்டும் இணைகோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். இருபுறமும் வேண்டும். தூரத்தைச் சாய்வாக அளக்கவும் கூடாது, செங்குத்தாகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு ஒன்று உண்டு. ஜாமெட்ரி பாக்ஸைத் தாளில் வைத்து, பத்து ரூபாய் நாணயத்தை அதன் வெளிப்பக்கம் ஒட்டியபடியே ஒரு சுற்று உருட்டினால் நாணயத்தின் மையம் எந்தப் பாதையில் போகும்? (மூலை கூர்மையான பெட்டியாக இருக்கட்டும்.) கொஞ்சம் பெரிய செவ்வகம் என்று வகுப்பே சொல்லும். அந்த நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; அதனால் மையம் எப்போதும் பெட்டியிலிருந்து 13.5 மி.மீ. தள்ளியே இருக்கும். அவர்கள் வரைந்த பெரிய செவ்வகத்தின் மூலையிலிருந்து பெட்டியின் மூலைக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 19 மி.மீ. வரும். முதல் கேள்வியிலேயே அடிவாங்கிவிட்டது. நாணயத்தை மூலையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பெட்டியின் மூலை அசையாமல் நிற்க, மையம் அதைச் சுற்றிக் கால்வட்டம் போடும். நான்கு நேர்த்துண்டு, நான்கு கால்வட்டம்.